பாடசாலையும் பட்டறையும்

ஃபிக்ஹு நூல்களை ஓதத் தொடங்கும் மாணவன் முதன்முதலில் சந்திப்பது தூய்மை பற்றிய பாடம். அந்தப் பாடத்தினுள்ளே தோல் பதனிடுதலைப் பற்றிய சிறு பகுதி ஒன்று வரும். அரபியில் அதனைத் ‘திபாகத்’ என்பர். எந்தப் பொருளைக் கொண்டு பதனிட்டால் தோல் தூய்மையாகும்? வெயிலில் உலர்த்துவது மட்டும் போதுமா, துவர்ப்பும் காரமும் உள்ள பொருள் ஒன்று வேண்டுமா? இவ்வினாக்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரபு நாட்டில் தோல் பதனிடப் பயன்பட்ட ‘கரள்’ என்னும் மரப்பொருளையும், மாதுளையின் தோலையும் நூலாசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

வடஆர்க்காட்டு மதரஸாக்களில் இப்பாடத்தை ஓதிய மாணவர் தலைமுறைகள் பல. ‘கரள்’ என்றால் என்னவென்று அவர்கள் அகராதியைப் புரட்டிக் கொண்டிருந்தபோது, மதரஸாவின் மதிலுக்கு அப்பால் தோல் ஷாப்புகளின் தொட்டிகளில் ஆவாரம்பட்டைச் சாறு ஊறிக் கொண்டிருந்தது. ஏட்டில் உள்ள திபாகத்தும் தொட்டியில் உள்ள திபாகத்தும் ஒன்றே என்பதை மாணவருக்குக் காட்டிக் கொடுக்க எவரும் எண்ணவில்லை. அவ்வாறே, தொட்டியில் நின்று உழைத்தவருக்கும் தம் கைத்தொழில் மார்க்க நூல்களில் இடம்பெற்ற பெருமையுடையது என்று எடுத்துச் சொல்வார் இல்லை.

பாடசாலைக்கும் பட்டறைக்கும் இடையே நின்ற இந்த மதிலின் வரலாற்றையே இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். அது வெறும் பழங்கதையன்று. பள்ளியிறுதி வகுப்பில் தேறிய மகனை, மகளை அடுத்து எங்கே அனுப்புவது என்று ஒவ்வொரு குடும்பமும் கலங்கி நிற்கும் இன்றைய நிலையோடு அது நேரே தொடர்புடையது.

இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் கைத்தொழில்களுக்கென்று தனி இயல்களை ஒதுக்கியிருக்கிறார். தொழில் என்பது சிந்தனையும் செயலும் கூடிய ஒரு திறம். அது திரும்பத் திரும்பச் செய்வதனால் உள்ளத்தில் ஊன்றும் ‘மலகத்’, அதாவது நிலைத்த பழக்கம். பிறர் சொல்லக் கேட்டு அறிவதினும் கண்ணெதிரே கண்டு செய்து அறிவதே முழுமையானது. ஆகவே தொழிலுக்கு ஆசிரியர் இன்றியமையாதவர். இதுவே அவர் கருத்தின் சாரம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாகக் கூறப்பட்ட உண்மையை நம் கல்விமுறை ஏன் நெடுங்காலம் கைக்கொள்ளவில்லை என்பதே நம் வினா.

மலையும் ஆறும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தென்புறத்தே நீண்டு கிடப்பது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களையும், 2019 நவம்பரில் புதிதாக அமைந்த திருப்பத்தூர் மாவட்டத்தையும் அது தழுவி நிற்கிறது. செய்யாறு பிறப்பது இம்மலையிலேதான். மலைமேல் வாழ்வோரில் பெரும்பாலோர் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என எண்ணிவிடல் ஆகாது. அவர்கள் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி. சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் இம்மலை தரும் செல்வங்கள். சந்தனமும் ஒரு காலத்தில் செழித்திருந்தது.

மலையின் அடிவாரத்திலிருந்து வடக்கே இறங்கினால் ஆலங்காயம்; அதனைக் கடந்தால் பாலாற்றங்கரை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள் அப்பள்ளத்தாக்கில் வரிசையாக நிற்கின்றன. இத்தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காரணங்கள் பல. ஆற்று மணலைத் தோண்டினால் கிடைத்த தண்ணீர் ஒன்று. புன்செய்க் காடுகளில் தாராளமாக வளர்ந்த ஆவாரை மற்றொன்று. மலைக்காடுகள் தந்த கடுக்காய் மூன்றாவது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, அடுத்த சில ஆண்டுகளில் இவ்வூர்களின் வழியாக மேற்கே நீண்டது. அது சென்னைத் துறைமுகத்தை அருகில் கொண்டு வந்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் மிருதுவானது, உறுதியானது. ஆனால் வெளிச்சம் பட்டால் சிவந்து போகும் குறை அதற்கு உண்டு. பட்டைச் சாற்றில் ஊறியபின் கடுக்காய்ச் சாற்றிலும் அதனை ஊற வைத்தால் அக்குறை நீங்கி, இளமஞ்சள் நிறம் நிலைக்கும். மலையின் காயும் சமவெளியின் பட்டையும் கூடினால்தான் வாணிகத்துக்கு ஏற்ற தோல் உருவாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இலண்டன் சந்தையில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர் பெற்ற சரக்கு இதுவே. 1914இல் மூண்ட முதல் உலகப் போரில் படைவீரரின் காலணிகளுக்கு மேல்தோலாக அது பெருமளவில் வாங்கப்பட்டது. அந்தக் காலத்தில் தென்னாட்டுத் தோல் வணிகம் மிக உயர்ந்தது. அதன் பெரும்பகுதி முஸ்லிம் வணிகர் கைகளில் இருந்தது.

வள்ளல்கள் எழுப்பிய கல்விக்கூடங்கள்

அச்செல்வத்தை அவர்கள் எவ்வாறு செலவிட்டனர் என்பது நம் சமுதாயம் என்றும் நினைவுகூர வேண்டிய வரலாறு. வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைந்தது. 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. மேல்விஷாரத்தில் பிறந்து தோல் வணிகத்தால் உயர்ந்த சி. அப்துல் ஹக்கீம் சாஹிப், சமயம் பாராமல் வாரி வழங்கிய வள்ளல். அவர் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் கல்லூரி எழுந்தது. ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் தொடங்கியது. தோல் வணிகரான எம். ஜமால் முஹம்மது சாஹிபும் என்.எம். காஜாமியான் இராவுத்தரும் அடித்தளமிட்ட ஜமால் முஹம்மது கல்லூரி 1951இல் திருச்சியில் மலர்ந்தது. அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரி பிறந்தது. இப்பெருமக்கள் இல்லையேல் தமிழக முஸ்லிம்களின் உயர்கல்வி வரலாறு மிகச் சுருங்கிப் போயிருக்கும்.

தோல் ஷாப்பின் முதலாளியும் பள்ளிக்கூடத்தின் தாளாளரும் பல ஊர்களில் ஒருவரே. உலகின் பல நாடுகளில் கல்விக்கூடத்தையும் தொழில்நிலையத்தையும் இணைக்க முயல்வோர் முதலில் செய்ய வேண்டிய வேலை, இரு சாராரையும் ஒரு மேசையைச் சுற்றி அமர வைப்பது. பாலாற்றங்கரையில் அவ்வேலை தானாகவே நிறைவேறியிருந்தது. காலையில் தோலுக்கு விலை பேசியவரே மாலையில் கல்விச் சங்கத்தின் கணக்கைப் பார்த்தார். இருந்தும் அக்கல்லூரிகளின் தொடக்ககாலப் பாடங்களில் தோலின் வேதியியல் இடம்பெறவில்லை. பட்டறைகளில் பட்டதாரிக்கு இடம் இல்லை. ஏன்?

முதற்காரணம், அக்காலப் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டம். அரசு அலுவலகங்களுக்கும் வழக்குமன்றங்களுக்கும் ஆள் தேடிய ஆட்சி அமைத்த பாடத்திட்டம் அது. அதனை மாற்றும் உரிமை சிற்றூர்க் கல்லூரிக்கு இல்லை.

இரண்டாவது காரணம், பெற்றோரின் உள்ளம். சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றத்தில் வாழ்நாளைக் கழித்த தந்தை, தன் மகன் அந்த வாசலை மிதிக்கலாகாது என்று எண்ணியே அவனைப் பள்ளிக்கு அனுப்பினான். அதில் குற்றம் காண்பதற்கில்லை. அவன் கண்ட பட்டறையில் உழைப்பு உண்டு, உயர்வு இல்லை.

மூன்றாவது காரணம், பட்டறைக்கு ஆள் சேர்த்த முறை. முதலாளி தம் உறவினரைக் கணக்குக்கு வைத்துக் கொண்டார். மேஸ்திரி தமக்குத் தெரிந்தவர்களைத் தொட்டி வேலைக்கு அழைத்து வந்தார். உரிக்கும் வேலையும் ஊறவைக்கும் வேலையும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் தலையிலேயே பெரிதும் சுமத்தப்பட்டன. அவர்களின் கைத்திறனே அத்தொழிலின் உயிர். ஆனால் அத்திறனுக்கு ஒரு சான்றிதழோ, அதனை அளக்க ஒரு தேர்வோ, மேலே ஏற ஒரு படியோ இருந்ததில்லை. படித்தவன் கை வைக்கவில்லை; கை வைத்தவன் படிக்கவில்லை. மதில் இவ்வாறு இரு பக்கமிருந்தும் எழுப்பப்பட்டது.

சென்னையில் கட்டிய பாலம்

ஊரில் கட்டாத பாலத்தைச் சென்னையில் கட்ட முயன்றனர். சென்னை மாகாணத்தின் தொழில் வளர்ச்சிக்கு உழைத்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கி வைத்தார். பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் ஆலையினால்தான் அப்பகுதிக்குக் குரோம்பேட்டை என்ற பெயர் ஏற்பட்டது. 1915இல் வண்ணாரப்பேட்டையில் தோல் தொழிற்பள்ளி ஒன்றை அரசு நிறுவியது. அதுவே வளர்ந்து பின்னாளில் தோல் தொழில்நுட்ப நிலையமாயிற்று. இலண்டனிலோ, தோல் வணிகர் சங்கமே தன் பணத்தில் 1909இல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைத் திறந்திருந்தது. அங்கே தொழிலதிபர் செய்ததை இங்கே அரசு செய்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும்.

1944இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரியில், 1945இல் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. 1948 ஏப்ரல் 24ஆம் நாள் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நிலையத்தைக் கல்லூரிக்கு அடுத்தே அமைத்தது தற்செயலன்று. மாணவர் கல்லூரியில் பாடம் கேட்பர். பக்கத்து வளாகத்து ஆய்வாளரிடம் செய்முறை பயில்வர். தொழிற்சாலைகள் தம் சிக்கல்களை அவ்விடத்துக்குக் கொண்டு வரும். கல்வி, ஆராய்ச்சி, தொழில் மூன்றும் ஒரே முற்றத்தில் கூட வேண்டும் என்பதே திட்டம். 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த டாக்டர் நாயுடம்மா, ஆராய்ச்சியைப் பட்டறை வாசலுக்குக் கொண்டு செல்வதையே தம் கொள்கையாகக் கொண்டார். 1985 ஜூன் 23ஆம் நாள் ‘கனிஷ்கா’ விமானம் தகர்க்கப்பட்டபோது அவரும் உயிரிழந்தது நாட்டுக்குப் பேரிழப்பு.

பாலம் நல்ல பாலம்தான். ஆனால் அதன் ஒரு முனை சென்னையில் ஊன்றியிருந்தது. மறுமுனை வாணியம்பாடியின் உயர்நிலைப் பள்ளியைத் தொடவில்லை. பட்டம் பெற்ற தொழில்நுட்பர் உருவாயினர். ஆனால் பட்டறையில் நின்ற இளைஞனுக்கும் பத்தாம் வகுப்பை முடித்த மாணவனுக்கும் அப்பாலத்தில் ஏற ஒரு படிக்கட்டு அமைக்கப்படவில்லை.

அரசு செய்த முயற்சிகள்

பள்ளியையும் தொழிலையும் இணைக்க அரசு முயலவே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1948இல் அவிநாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது உயர்நிலைப் பள்ளிகளில் பொறியியல், வேளாண்மை, நெசவு, செயலகப் பயிற்சி போன்ற தனிப்பிரிவுகள் கொண்டுவரப்பட்டன. 1953இல் இராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அத்திட்டம். ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நம் கட்டுரைக்கு வேண்டிய உயிர்நாடி இருக்கிறது. கல்வியைத் தொழிலோடு இணைப்பது வேறு; தொழிலைப் பிறப்போடு இணைப்பது வேறு. முன்னது விடுதலை, பின்னது தளை. தோட்டியின் மகன் தோட்டியாகவும், தோல் உரிப்பவரின் மகன் உரிப்பவராகவும் ஆவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? அத்திட்டத்தை மக்கள் எதிர்த்தது உழைப்பை வெறுத்ததனால் அன்று. தம் பிள்ளைக்கு வேறு வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சியதனால். அந்த அச்சத்தைப் போக்காமல் ‘தொழிற்கல்வி’ என்று யார் எதைக் கொண்டு வந்தாலும், அது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட குறுக்குச் சந்தாகவே தோன்றும்.

1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தொழில்நிலையங்கள் பழகுநரைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும் என்று அது விதித்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழில்மயமாக்குமாறு பரிந்துரைத்தது. 1978இல் தமிழகத்தில் பிளஸ் டூ வகுப்புகள் தொடங்கியபோது தொழிற்பிரிவும் உடன் தொடங்கியது. அதற்குப் பின்னணியில் நின்ற கல்வியாளருள் ஒருவர், வேலூரில் 1910இல் பிறந்து யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்து, 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய மால்கம் ஆதிசேசையா. மேல்நிலைக் கல்வியில் தொழிற்பயிற்சியின் இடத்தை ஆராய்ந்த தேசியக் குழுவுக்கு அவரே தலைவர்; செய்து கற்றலே அவ்வறிக்கையின் மையக் கருத்து.

கருத்து உயர்ந்ததாயினும் நடைமுறை தளர்ந்தது. தட்டச்சும் கணக்குப் பதிவும் போலச் செலவு குறைந்த பிரிவுகளையே பள்ளிகள் மிகுதியாக எடுத்துக் கொண்டன. எந்திரம் வாங்கப் பணமில்லை; தொழில் தெரிந்த ஆசிரியர் இல்லை. எல்லாவற்றினும் மேலாக, பயிற்சி முடித்த மாணவனை எதிர்கொள்ள அக்கரையில் ஒரு முதலாளி நிற்கவில்லை. ஒரு கரையில் மட்டும் தூண் எழுப்பிப் பாலம் கட்ட இயலுமா?

ஜெர்மனி வேறு வழியில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரின் கல்வித் தலைவராக இருந்த கெர்ஷன்ஷ்டைனர், வேலைக்குச் சேர்ந்த இளைஞருக்கென்றே தொழில்வாரியாகத் தொடர்பள்ளிகளை அமைத்தார். அம்முறை வளர்ந்து 1969இல் அந்நாட்டின் சட்டமாயிற்று. அங்கே இளைஞன் ஒருவன் தொழில்நிலையத்தோடு ஒப்பந்தம் செய்து கொள்கிறான். வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையில் பயில்கிறான். ஓரிரு நாள் பள்ளியில் படிக்கிறான். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் பெறுகிறான். இறுதியில் அவனைத் தேர்வு செய்வதில் தொழிலதிபர் மன்றத்துக்குப் பொறுப்பு உண்டு. சான்றிதழில் தாமும் கையொப்பமிட்டவரே அதனை மதியாமல் இருக்க இயலாது. அம்முறையின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

காலம் புகட்டிய பாடம்

பாலாற்றங்கரைக்கு இப்பாடத்தைக் காலமே வந்து புகட்டியது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, 1973இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கும் அளவு விதித்தது. முற்றும் பதனிட்ட தோலாகவும், காலணியாகவும், பையாகவும் மாற்றியே இனி அனுப்ப வேண்டும் என்பது கொள்கை. பரம்பரையாகப் பட்டையும் சுண்ணாம்பும் அறிந்த தொழிலுக்குச் சாயமும், எந்திரமும், வடிவமைப்பும், வெளிநாட்டு அளவுகளும் தெரிந்த ஆட்கள் திடீரெனத் தேவைப்பட்டனர். ஆம்பூரிலும் சுற்றுப்புறத்திலும் காலணி ஆலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தனர். தோல் தொட்டிக்குள் இறங்காத பெண்மக்களுக்குத் தையல் எந்திரம் ஒரு வாசலைத் திறந்தது.

அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை தர வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் இதே பள்ளத்தாக்கின் மாசு குறித்து மீண்டும் கடுமையான ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு வேதியியல் அறிந்தவர் வேண்டும், அளவெடுப்பவர் வேண்டும், எந்திரம் பழுது பார்ப்பவர் வேண்டும். உள்ளூர்க் கல்லூரியில் வேதியியல் படித்த இளைஞன் வேலை தேடி வெளியூர் போகிறான். உள்ளூர் ஆற்றின் நஞ்சை அளக்க ஆள் தேடப்படுகிறது. படிப்பும் தொழிலும் பிரிந்து நின்றதற்கு ஊர் தன் குடிநீரையே விலையாகக் கொடுத்தது என்று கூறினால் அது மிகையாகாது.

கடல்கடந்த வாணிகத்திலிருந்தும் ஒரு சான்று தரலாம். கீழக்கரையில் 1927இல் பிறந்து, துபாயில் பெரும் நிறுவனங்களை வளர்த்த பி.எஸ். அப்துர் ரஹ்மான், 1984இல் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரியை நிறுவினார். வேலை தருவோர் எத்தகைய ஆளைத் தேடுகின்றனர் என்பதை அன்றாடம் அறிந்த ஒருவர் கல்விக்கூடம் அமைத்த நிகழ்ச்சி அது. வள்ளல் தன்மையோடு தொழிலறிவும் சேர்ந்தால் கொடையின் பயன் பன்மடங்காகும்.

மலையின் கணக்கு

இப்போது மீண்டும் மலைக்குத் திரும்புவோம். பள்ளத்தாக்கு வளர்ந்தபோது மலைக்கு என்ன கிடைத்தது? கடுக்காய் இறங்கியது, தேன் இறங்கியது, சந்தனம் இறங்கியது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு பெயர் பெற்று விளங்கியது. களவு வெட்டினால் மலையின் சந்தனம் பெரும்பாலும் அழிந்தது. காடு கொடுத்த வேலை குறைந்தபின் மனிதர்களும் இறங்கினர்.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 பேரைக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். மாண்டவர்கள் தமிழகத்தின் கூலித் தொழிலாளர். ஜவ்வாது மலைமீதும் அதன் அடிவாரத்திலும் வாழ்ந்தவர் பலர் அவர்களுள் இருந்தனர். மரத்தை வெட்டும் கைத்திறன் அவர்களிடம் இருந்தது; அத்திறனுக்கு நேர்மையான சந்தை இல்லை. தரகன் மட்டுமே மலையேறி வந்து அவர்களை வேலைக்கு அழைத்தான். பள்ளி அழைக்கவில்லை, கல்லூரி அழைக்கவில்லை, தொழிலதிபர் அழைக்கவில்லை. வாசல்கள் மூன்றும் மூடிக் கிடந்தால் நான்காவது வாசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்நாள் சாட்சி.

அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். யுரேனஸ் கோளைச் சூழ்ந்த வளையங்களை உலகுக்கு உணர்த்திய 1977 மார்ச் 10ஆம் நாள் நோக்காய்வில் காவலூரும் பங்கு பெற்றது. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவ்வளவு நுட்பமான கருவி தன் வீட்டுக்கு அருகில் இருக்க, மலைச் சிறுவன் அதனை வேற்றுலகப் பொருளாகவே கண்டு வளர்ந்தால் அது யார் குறை? அவனுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் கூற இயலாது. 2024இல் இம்மலைப் பகுதியின் பழங்குடிப் பெண் ஒருவர், இளம் வயதிலேயே உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்று நாடெங்கும் பாராட்டப் பெற்றார். வாய்ப்பு வந்தபோது ஆற்றல் தானே வெளிப்பட்டது.

மாற்றத்தின் அடையாளங்கள் இல்லாமல் இல்லை. ஜமுனாமரத்தூரில் அரசின் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம், மலைச் சாமைக்கு ஏற்ற ஆராய்ச்சியை உழவருக்கு அருகில் கொண்டு வந்திருக்கிறது. செய்யாற்றில் அயல்நாட்டு முதலீட்டில் எழுந்த காலணி ஆலை பல்லாயிரம் பெண்களுக்கு வேலை தருகிறது. 2022 மார்ச் 1ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், கல்லூரி மாணவரைத் தொழில் நிறுவனங்கள் வேண்டும் திறன்களோடு இணைக்க முயல்கிறது. நல்ல தொடக்கங்கள் இவை. எனினும் இவற்றை ஒன்றோடொன்று கோக்கும் நூல் ஊர்தோறும் உள்ள மக்களின் கையிலேதான் இருக்கிறது.

செய்ய வேண்டுவன

வரலாற்றைப் படிப்பது பெருமூச்சு விடுவதற்காக அன்று. மேற்கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து நமக்குத் தெளிவாகும் முடிவுகள் சில.

முதலாவது, வேலை தருவோர் நன்கொடையாளராக மட்டும் நின்றுவிடலாகாது. கட்டடத்துக்குப் பணம் தந்தபின் பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் வருவது போதாது. எந்தத் திறன் வேண்டும், எத்தனை பேர் வேண்டும், என்ன ஊதியம் தருவோம் என்பதை ஆண்டுதோறும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அவர்கள் எழுத்தில் கூற வேண்டும்; பயின்று வந்தவரை ஏற்கும் கடமையையும் மேற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி இலவச உழைப்பாக மாறிவிடக் கூடாது. பழகுநனுக்கு உதவித்தொகை வேண்டும்; கற்பிப்பவர் யார், கற்க வேண்டியவை எவை என்ற பட்டியல் வேண்டும்; முடிவில் எந்த ஊரிலும் செல்லத்தக்க சான்றிதழ் வேண்டும். தம் முதலாளியிடம் மட்டுமே செல்லுபடியாகும் திறன், திறன் அன்று. அது ஒரு விலங்கு.

மூன்றாவது, எந்தப் படியிலும் மேலே ஏறும் வழி அடைபடலாகாது. பத்தாம் வகுப்புக்குப்பின் தொழிற்பயிற்சிக்குச் சென்றவன் பின்னர்ப் பட்டயமும் பட்டமும் பெற விரும்பினால், அவ்வழி திறந்திருக்க வேண்டும். 1953இன் அச்சம் நீங்க வேறு மருந்து இல்லை.

நான்காவது, பள்ளத்தாக்கின் கல்விச் சங்கங்கள் மலையையும் தம் எல்லைக்குள் கொள்ள வேண்டும். ஒரு நூற்றாண்டாக நம் தோலுக்கு நிறம் தந்தது அம்மலையின் கடுக்காய். அக்கடனை அறமாக எண்ணிச் செலுத்தினால், மலைச் சிற்றூரின் உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு நம் கல்லூரியில் இடமும், விடுதியும், நம் ஆலையில் நேர்மையான வேலையும் கிடைக்கும்.

ஐந்தாவது, அரபு மதரஸா மாணவரையும் மறந்துவிடலாகாது. ஓதி முடித்த ஆலிம்கள் அனைவருக்கும் பள்ளிவாசலில் பணி இருக்குமா? முன்னோரான இமாம்கள் பலர் கைத்தொழிலாலும் வாணிகத்தாலும் வாழ்ந்தனர். அவர்களின் பெயரோடு ஒட்டிய தொழிற்பட்டங்களே அதற்குச் சான்று. ‘அல்-கஸ்ஸாஃப்’ என்றால் செருப்புத் தைப்பவர். ‘அல்-ஜஸ்ஸாஸ்’ என்றால் சுண்ணச்சாந்து வேலை செய்பவர். ஹனஃபி சட்ட அறிஞருள் இப்பெயர்கள் தாங்கிய இருவரும் பெரும் இமாம்களாக மதிக்கப்படுகின்றனர். கைத்தொழிலின் பெயரைத் தாங்குவதை அவர்கள் இழுக்காகக் கருதவில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகனோ மகளோ எந்தப் படிப்பில் சேரலாம் என்று உறவினரிடம் கேட்கிறோம், மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், கட்டணத்தைக் கணக்கிடுகிறோம். அந்தப் படிப்பை முடித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கின்றனர் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்வியைப் பெற்றோர் அனைவரும் கேட்கத் தொடங்கினால், கல்லூரி தொழிலதிபரின் வாசலுக்கு நடக்கும். நல்ல ஆள் கிடைப்பதைக் கண்ட தொழிலதிபர் பள்ளியின் வாசலுக்கு வருவார். மதிலைத் தகர்ப்பதற்குச் சட்டமும் திட்டமும் துணை செய்யலாம். முதல் கல்லை எடுத்துப் போட வேண்டியவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நாமே.